சண்டை வந்தால் பேசாமல் போய்விடுகிறேன், அது தப்பா?

வாசகர் கேள்வி:

எனக்கு 39 வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம், 11 வருடம் ஆகிறது. 8 வயதில் ஒரு மகள். அம்மா எங்களோடு இருக்கிறார். எனக்குக் குடி, சிகரெட் எதுவும் கிடையாது. மனைவியிடம் கை நீட்டியதே இல்லை. சண்டை வந்தால் பேசாமல் இருந்துவிடுவேன். பதிலுக்குப் பதில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்று பயம்.

என் தம்பிக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்திருந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. போன மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் தம்பி மனைவி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்று இரவு என் மனைவி கேட்கக் கேட்க நான் ஒன்றும் பேசவில்லை. குரல் ஏறியதும் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அதற்குப் பிறகு 9 நாள் பேச்சு இல்லை. சாப்பாடு தயார் என்பதைக்கூட மகளிடம் சொல்லி அனுப்பினாள். "அப்பா, நீயும் அம்மாவும் காய் விட்டுட்டீங்களா?" என்று குழந்தை கேட்டது. நடுவில் ஒரு ராத்திரி சமாதானமாகலாம் என்று அவள் தோளில் கை வைத்தேன், தட்டிவிட்டாள். அந்த மாதிரி நெருக்கமே எங்களுக்குள் பல மாதமாக இல்லை. "நாலு அடி அடிச்சிருந்தாக்கூடத் தாங்கிக்குவேன், இப்படிப் பேசாம இருக்காதீங்க" என்கிறாள். சண்டையைத் தவிர்க்கத்தானே பேசாமல் இருக்கிறேன்? அது எப்படி அடியைவிடப் பெரிதாகும்? இப்போது வேண்டியதற்கு மட்டும் பேசிக்கொள்கிறோம்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். கோபம் ஏறிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டது தப்பில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனதைக்கூட நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். ஆனால் எப்போது திரும்பி வந்து பேசுவீர்கள் என்று சொல்லாமல் போனீர்கள். வந்த பிறகு 9 நாளும் அந்தப் பேச்சை நீங்களாக எடுக்கவில்லை. உங்கள் மனைவியை வதைத்தது அதுதான். இரண்டையும் சேர்த்து 'சண்டையைத் தவிர்த்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்று இரவு நடந்தது வேறு, அதற்கு அடுத்த 9 நாளில் நடந்தது வேறு.

அன்று இரவிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பக்கத்து நியாயம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் எதிரெதிரே உட்காரவைத்து, உடம்பில் கருவிகளைப் பொருத்தி, அவர்களுக்குள் தீராமல் இருக்கும் ஒரு விஷயத்தைப் பேசச் சொல்லி 1980களில் ஆராயத் தொடங்கினார்கள். கல்லைப் போல அசையாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் உடம்பு உள்ளே கொந்தளித்துக்கொண்டிருப்பதை அந்தக் கருவிகள் காட்டின. இதயம் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் துடிக்கும் அளவுக்குப் போய்விட்டால், எதிரில் இருப்பவர் சொல்வதில் உள்ள நியாயம் மனதில் ஏறாது என்கிறார் காட்மன். விட்டுக்கொடுக்கவோ, ஒரு நல்ல வார்த்தை சொல்லவோ தோன்றாது. ஓடு அல்லது அடி, இந்த இரண்டுதான் உடம்புக்குத் தெரியும். அவர் ஆராய்ந்த தம்பதிகளில் இப்படி அடைத்துக்கொண்டவர்களில் 85 சதவீதம் பேர் ஆண்கள்.

ஆகவே 'பேசினால் வார்த்தை தடித்துவிடும்' என்று நீங்கள் பயந்தது உண்மையான பயம்தான். "அவருக்கு ஒரு உணர்ச்சியும் கிடையாது, மரம் மாதிரி நிக்கிறார்" என்று மனைவிமார் சொல்லும்போது கணவனின் நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும். உங்கள் மனைவிக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை, ஏனென்றால் நீங்கள் இதை அவரிடம் ஒரு தடவையாவது சொன்னதாகக் கடிதத்தில் இல்லை.

அவர்கள் செய்த இன்னொரு சோதனை உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். பேச்சு சூடாகிக்கொண்டிருக்கும்போது, கருவியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் ஏதாவது பத்திரிகை படியுங்கள் என்றார்கள். அப்புறம் மறுபடி பேச உட்கார்ந்தபோது இதயத்துடிப்பு இறங்கியிருந்தது. அதே தம்பதி, அதே விஷயம், பேசிய விதம் மட்டும் வேறாகிவிட்டது. இதில் நான் இரண்டு விஷயங்களைக் கவனிக்கிறேன். அந்த அரை மணி நேரம் அவர்கள் பத்திரிகை படித்தார்கள், 'அவ எப்படி என்னை அப்படிக் கேட்கலாம்' என்று உள்ளுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. அதோடு, இது இடைவேளைதான், பேச்சு தொடரும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

உங்கள் மனைவிக்கு அது தெரியாது. வண்டிச் சத்தம் தெருமுனையில் மறைந்ததும் அவருக்கு என்ன மிஞ்சியது? எப்போது வருவீர்கள், வந்தால் பேசுவீர்களா, இது ஒரு நாளா ஒரு வாரமா, எதுவும் தெரியாது. காலையில் எழுந்து டிபன் கட்டி, பள்ளிக்கூடம் போய், 40 பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்தி, வீட்டுக்கு வந்து மறுபடி உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒருவரை ஒதுக்குவது அவருக்குள் என்ன செய்கிறது என்பதைக் கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் பல வருடங்களாக ஆராய்ந்தவர். அவருடைய சோதனை மிக எளிமையானது. கணினித் திரையில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடுகிறார்கள், நீங்கள் அதில் ஒருவர். கொஞ்ச நேரம் கழித்து மற்ற இருவரும் உங்களுக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான். முன்பின் தெரியாதவர்கள், பந்தயம் கிடையாது, சில நிமிட விளையாட்டு. அதற்கே மனிதர்கள் வாடிப்போகிறார்கள். நான் யாருக்கும் வேண்டாதவன், என் கையில் எதுவும் இல்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மற்ற இருவரும் மனிதர்களே இல்லை, கணினிதான் ஆடுகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால்கூட வலிக்கிறது. முகம் தெரியாத ஒரு திரை ஒதுக்கியதற்கே இப்படியென்றால், 11 வருடம் கூட வாழ்ந்தவர், ஒரே கூரையின் கீழ், 9 நாள் ஒதுக்கினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

'நாலு அடி அடிச்சிருந்தாக்கூட' என்று அவர் சொன்னதை அந்த அளவில்தான் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வாக்கியத்தைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு பதறும். அடி சிறியது என்று எந்தப் பெண்ணும் நினைப்பதில்லை. தன் வலி எவ்வளவு என்று உங்களுக்குப் புரியவைக்க, தனக்குத் தெரிந்த மிகப் பெரிய அளவுகோலை எடுத்து அவர் காட்டுகிறார். அடிப்பவன்கூட எதிரில் ஒரு ஆள் நிற்பதாக ஒப்புக்கொள்கிறான், நீங்கள் அதைக்கூடச் செய்யவில்லை என்கிறார். கை நீட்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, அது என்றைக்கும் அப்படியே இருக்கட்டும். ஆனால் அதை உங்கள் நல்ல நடத்தைக்குச் சான்றிதழாக வைத்துக்கொண்டு இந்த வலியை மறுக்காதீர்கள்.

இனி உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கப்போகிற பகுதி.

கேட்டுக் கேட்டு ஒருவர் துரத்துவதும், மற்றவர் வாயடைத்து விலகுவதும் உலகம் முழுக்கத் தம்பதிகளிடம் பார்க்கிற சுழற்சி. அவர் குரலை உயர்த்துவதால் நீங்கள் விலகுகிறீர்கள், நீங்கள் விலகுவதால் அவர் குரல் உயர்கிறது. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டால் 'ஆரம்பிச்சது அவங்கதான்' என்று இருவருமே உண்மையாகச் சொல்வீர்கள். கலிபோர்னியாவில் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் இதை ஆராய்ந்தபோது ஒரு முக்கியமான விஷயம் தெரிந்தது. மனைவி ஒரு மாற்றம் கேட்கும் விஷயத்தில், மனைவி துரத்த, கணவன் விலகுவது தெளிவாகத் தெரிந்தது. கணவன் மாற்றம் கேட்கும் விஷயத்தில் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. பெண் என்றால் நச்சரிப்பாள், ஆண் என்றால் அமைதி என்று பிறவிக் குணமாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. இருக்கிறபடியே இருந்தால் யாருக்குச் சௌகரியமோ அவருக்குப் பேசவேண்டிய அவசியம் இல்லை. பேச்சு நடந்தால்தான் ஏதாவது மாறும் என்ற நிலையில் இருப்பவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம். 2 லட்சம் ரூபாயைத் தம்பிக்குக் கொடுப்பது என்று நீங்கள் தனியாக முடிவு செய்தீர்கள். அவர் கேட்டபோது பதில் சொல்லவில்லை. 9 நாள் கழித்து 'வேண்டியதற்கு மட்டும்' பேச்சு திரும்பிவிட்டது. அந்த 2 லட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினீர்களா? பேசியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. ஆக, உங்கள் முடிவு அப்படியே நிற்கிறது, கேட்டவர் அலுத்துப்போய் நிறுத்திவிட்டார். உங்கள் நோக்கம் அதுவாக இருந்திருக்காது, நம்புகிறேன். ஆனால் விளைவு அதுதான். பேசாமல் இருப்பவர் ஒரு வார்த்தை செலவில்லாமல் ஜெயித்துவிடுகிறார், தோற்றவர் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கொஞ்சம் தள்ளிப்போகிறார்.

பணத்தை மறைத்ததையும் அன்றிரவு வாயை மூடிக்கொண்டதையும் நான் தனித்தனி விஷயங்களாகப் பார்க்கவில்லை. தம்பி கேட்கிறான், அம்மா எதிர்பார்க்கிறார், மனைவி வேண்டாம் என்பாரோ என்று பயம். அந்த ஒரு சங்கடமான பேச்சைத் தவிர்க்கத்தான் சொல்லாமல் கொடுத்தீர்கள். பிறகு அதே சங்கடத்தைத் தவிர்க்கத்தான் வண்டியை எடுத்தீர்கள். சங்கடத்தை ஒத்திப்போடுவது உங்களுக்கு எங்கிருந்து பழகியது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் அப்பா எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் சத்தம் வந்தால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடும் அப்பாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர்.

அவருக்கு விஷயம் தெரிந்த விதத்தையும் நினைத்துப் பாருங்கள். வளைகாப்பு வீடு. பத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது ஓரகத்தி வாயிலிருந்து வருகிறது. 'அப்படியா, எனக்குத் தெரியாதே' என்று சொன்னால் புருஷன் தன்னிடம் எதையும் சொல்வதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் 'ஆமாம், சொன்னார்' என்று சிரித்துச் சமாளித்திருப்பார். அந்தச் சிரிப்பை முகத்தில் ஒட்டவைத்துக்கொண்டே சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு, வீடு வரும்வரை அடக்கிவைத்திருந்ததுதான் அன்றிரவு உங்கள்மேல் கொட்டியது. பணத்தைவிட அந்தத் தலைகுனிவுதான் அவரை அதிகம் வாட்டியிருக்கும் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் மன்னிப்பு கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அப்புறம், அந்த ராத்திரி தோளில் கை வைத்தது. சண்டைக்குப் பிறகு பல ஆண்கள் இப்படித்தான் சமாதானம் தேடுகிறார்கள். வாயால் கேட்கத் தெரியாத மன்னிப்பைக் கையால் கேட்கிறார்கள். உங்கள் கையில் இருந்தது ஏக்கம்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் பேச்சே இல்லாத நாட்களுக்கு நடுவில், இருட்டில், ஒரு வார்த்தையும் இல்லாமல் வந்த அந்தக் கை அவருக்கு என்ன சொல்லியிருக்கும்? 'நடந்ததைப் பேச வேண்டாம், ஆனால் நீ வேண்டும்' என்றுதான். அவர் தட்டிவிட்டதும் 'நான் அவளுக்கு வேண்டாம்' என்று நீங்கள் எடுத்துக்கொண்டு இன்னும் உள்ளே போய்விட்டீர்கள். அவர் உங்களை வெறுத்துத் தட்டிவிட்டதாக நான் நினைக்கவில்லை. பேசாமல் தொடாதீர்கள் என்பதுதான் அவர் சொன்னது.

சரி, இனி என்ன செய்யலாம்?

முதல் வேலை அந்தப் பணத்தைப் பற்றிப் பேசுவது. நீங்கள்தான் ஆரம்பிக்க வேண்டும், அவர் கேட்பதற்கு முன்னால். இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கமில்லாமல் வந்த காலையில் வேண்டாம். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் நேரமும் வேண்டாம். அம்மா கூடத்தில் இருக்கும் வீட்டில் கிசுகிசுத்துச் சண்டை போடுவதும் சமாதானமாவதும் இரண்டுமே கஷ்டம், அதனால் வெளியே போங்கள். மகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மொட்டை மாடியிலோ, ஏரிக்கரைப் பக்கமோ நடந்துகொண்டே பேசுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் வாயடைத்துப்போகும் ஆண்களில் பலருக்குப் பக்கத்தில் நடந்தால் பேச்சு வந்துவிடும்.

என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்காமல் இருக்க, இப்படி ஆரம்பிக்கலாம்: "தம்பிக்குப் பணம் குடுத்தத உங்கிட்ட மறைச்சது தப்பு. நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயந்துதான் சொல்லல. அத்தனை பேர் முன்னாடி உன்ன அப்படி நிக்க வெச்சிட்டேன். அன்னிக்கு நீ கேட்டப்ப பதில் சொல்லாமப் போனதும், இத்தனை நாள் பேசாம இருந்ததும் தப்பு." இதற்குப் பிறகு 'ஆனா' என்று தொடங்காதீர்கள். 'ஆனா நீயும் கத்தின' என்று ஒரு வரி வந்துவிட்டால் முன்னால் சொன்ன எல்லாமே அழிந்துவிடும். அதற்கு வேறொரு நாள் இருக்கிறது. பிறகு கணக்கைச் சொல்லுங்கள். எப்போது கொடுத்தீர்கள், சேமிப்பிலிருந்தா கடன் வாங்கியா, எவ்வளவு திரும்பி வந்தது, மீதி எப்போது வரும். பாஸ்புக்கையோ போனில் இருக்கும் வங்கிக் கணக்கையோ திறந்தே காட்டிவிடுங்கள். வேறு ஏதாவது மறைத்திருந்தால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இரண்டாவது தடவையாக வேறு யார் வாயிலிருந்தாவது அவருக்குத் தெரியவந்தால் அதற்கு மேல் நான் எழுதும் எதுவும் உதவாது.

இரண்டாவது, அடுத்த சண்டைக்கு ஒரு ஏற்பாடு. சண்டை இல்லாத நாளில் இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு படபடக்க ஆரம்பித்ததும் நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "எனக்கு இப்ப படபடன்னு இருக்கு. பேசினா தப்பா ஏதாவது சொல்லிடுவேன். கொஞ்ச நேரம் குடு, பத்து மணிக்கு நானே வந்து பேசுறேன்." நேரத்தைச் சொல்ல வேண்டும், அந்த நேரத்துக்கு நீங்களே வந்து பேச்சைத் தொடங்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் பழைய கதைதான். குறைந்தது 20 நிமிடமாவது இடைவெளி வேண்டும், உடம்பு அடங்க அவ்வளவு ஆகும். அந்த நேரத்தில் நடங்கள், குளியுங்கள், பாட்டு கேளுங்கள். மனதுக்குள் வழக்கு நடத்தாதீர்கள். ராத்திரி 11 மணிக்கு ஆரம்பித்த சண்டை என்றால் "நாளைக்குச் சாயங்காலம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுத் தூங்குவதே மேல். கோபத்தோடு தூங்கக்கூடாது என்பார்கள். விடியற்காலை ஷிப்டுக்கு எழுந்திருக்க வேண்டியவர் நள்ளிரவில் பேசி உருப்படியாக ஒன்றும் நடந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நாளுக்கு மேல் தள்ளாதீர்கள்.

உங்கள் மனைவியும் ஒன்று செய்ய வேண்டியிருக்கும். நீங்கள் நேரம் கேட்கும்போது பின்னாலேயே வந்து கேட்காமல் விட வேண்டும். இது அவருக்குச் சுலபமாக இருக்காது, ஏனென்றால் இதுவரை நீங்கள் போனால் பேசத் திரும்பி வந்ததில்லை. முதல் சில தடவை நம்பமாட்டார். 'எங்க போறீங்க, இதுவும் அதே நாடகம்தானே' என்று இன்னும் கூர்மையாகக்கூடக் கேட்பார். அப்போதும் சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள். நான் சொன்னபடி செய்தும் அவள் மாறவில்லை என்று இரண்டு வாரத்தில் எனக்கு எழுதாதீர்கள். பல வருடப் பழக்கம், மாதங்கள் ஆகும்.

மகளைத் தூது அனுப்புவது இன்றோடு நிற்கட்டும். குழந்தைக்குத் தெரியக்கூடாது என்றுதான் கத்தாமல் இருக்கிறோம் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். பெற்றோர் சண்டையைக் குழந்தைகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று மார்க் கம்மிங்ஸ் என்ற ஆய்வாளர் நீண்ட காலம் ஆராய்ந்தார். பேசாமல் முறைத்துக்கொண்டிருப்பதும் குழந்தைகளைப் பாதிக்கிறது என்று அதில் தெரிந்தது. சண்டை தீர்ந்ததைப் பார்த்தால் அவர்கள் கணிசமாகத் தேறிவிடுகிறார்கள். கண்ணெதிரே தீராவிட்டாலும், தீர்ந்துவிட்டது என்று பிறகு எடுத்துச் சொன்னால்கூட உதவுகிறது. உங்கள் மகள் கேட்டாளே, அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. மனைவியோடு பேசி முடித்ததும் இருவரும் சேர்ந்து அவளிடம் சொல்லுங்கள்: "அம்மாவும் அப்பாவும் காய் விட்டிருந்தோம், இப்ப பழம். அதுக்கு நீ எந்தக் காரணமும் இல்ல." பணத்தைப் பற்றி அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அம்மாவிடம் என்ன சொல்வது என்பது உங்கள் பொறுப்பு, மனைவியின் தலையில் போடாதீர்கள். இனிமேல் பெரிய தொகை எது கொடுத்தாலும் இருவரும் பேசித்தான் கொடுப்போம் என்று அம்மாவிடமும் தம்பியிடமும் நீங்கள் சொல்லுங்கள். 'அவ விடமாட்டேங்கிறா' என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்.

தம்பி விஷயத்தில் நீங்கள் இருவரும் முழுதாக ஒத்துப்போகாமலே கடைசிவரை இருக்கலாம். அது உங்கள் கல்யாணம் தோற்றதற்கு அடையாளம் இல்லை. தம்பதிகளுக்கு இடையிலான பிரச்சினைகளில் 69 சதவீதம் தீர்வே இல்லாமல் தொடர்பவை என்று காட்மன் கணக்கிட்டார், நல்ல முறையில் வாழ்கிறவர்களுக்கும் அப்படித்தான். வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்தத் தம்பி விஷயம் வரும். ஒவ்வொரு தடவையும் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள் என்பதைத்தான் உங்களால் மாற்ற முடியும்.

நெருக்கம் பல மாதமாக இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இந்தப் பணப் பிரச்சினைக்கு முன்பே ஏதோ வற்றத் தொடங்கியிருக்கிறது. அதைப் படுக்கையறையில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். புதிதாகக் கல்யாணமானவர்களை ஆறு வருடம் கழித்துப் பார்த்த ஒரு ஆய்வில், சேர்ந்திருந்த தம்பதிகள் ஒருவர் மற்றவரின் சின்னச் சின்ன அழைப்புகளுக்கு 86 சதவீதம் திரும்பிப் பார்த்திருந்தார்கள், பிரிந்துபோனவர்கள் 33 சதவீதம்தான். அழைப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு தெரியுமா" என்று அவர் ஆரம்பிப்பது ஒரு அழைப்பு. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு "என்ன ஆச்சு" என்று கேட்டால் போதும். கொஞ்ச நாளைக்கு வேறு எதையும் எதிர்பார்க்காமல் தொடுங்கள், பகலில், பேசிக்கொண்டிருக்கும்போது. டீ கொடுக்கும்போது கையைப் பிடிப்பது, வண்டியிலிருந்து இறங்கும்போது பையை வாங்கிக்கொள்வது மாதிரி. மற்றது அவர் விருப்பத்தோடு திரும்பி வரட்டும். மூன்று நான்கு மாதம் பேச்சு நன்றாக இருந்தும் அது வரவில்லையென்றால், உடல் சார்ந்த காரணமும் இருக்கலாம். மாதவிடாய்க் கோளாறு, தைராய்டு, மனச்சோர்வு எதுவாகவும் இருக்கலாம். உங்களுக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். இருவருமே மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா மௌனமும் இவருடையதைப் போன்றதல்ல. மனைவி பணிந்து காலில் விழும்வரை வேண்டுமென்றே வாரக்கணக்கில் பேசாமலிருப்பது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, பேசினால் அடிப்பது, இவற்றோடு சேர்ந்து வரும் மௌனத்துக்கு நான் மேலே சொன்ன எந்த ஏற்பாடும் பொருந்தாது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வார்த்தையாலும் மனதாலும் செய்யும் கொடுமையையும், பணத்தை மறுப்பதையும் வன்முறை என்றே சொல்கிறது. பெண்கள் 181 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்பி ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலை மனைவியிடம் நீட்டி 'படிச்சுப் பாரு, எனக்குப் படபடப்பாம்' என்று சொல்லாதீர்கள். முதலில் நீங்கள் உங்கள் வாயால் பேசி முடியுங்கள். பிறகு விரும்பினால் காட்டுங்கள், அவர் எதை ஒத்துக்கொள்ளவில்லை என்று கேளுங்கள். நான் உங்கள் தரப்பை மட்டும்தான் படித்திருக்கிறேன்.

இரண்டு மூன்று தடவை முயன்றும் நடுவில் மறுபடி வாயடைத்துப்போனால், தம்பதி ஆலோசனை தெரிந்த ஒருவரை இருவருமாக நேரில் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டாலும் வழி சொல்வார்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மனைவி வர மறுத்தால் காத்திருக்காதீர்கள், நீங்கள் மட்டும் போங்கள்.